லேப்டாப் படம் டிவிக்குப் போகவில்லையா?

லேப்டாப்பில் இருப்பதை ஒயர் இல்லாமல் ஸ்மார்ட் டிவியில் பார்க்க நினைத்தால், ‘தேடுகிறது’ என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? தேனி, போடி, கம்பம் பக்கத்து வீடுகளில் வழக்கமாகச் சிக்கும் இடங்கள் இவை.

1. முதலில் எந்த வழி என்று தெரிந்துகொள்ளுங்கள். மிராகாஸ்ட்டில் லேப்டாப்பும் டிவியும் நேரடியாக இணையும். இன்டர்நெட் தேவையில்லை, லேப்டாப்பில் வைஃபை ஆன் ஆகியிருந்தால் போதும். கூகுள் காஸ்ட் ரூட்டர் வழியாகப் போவது. விண்டோஸ் பட்டனையும் ‘கே’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வருவது மிராகாஸ்ட் பட்டியல். பல ஆண்ட்ராய்டு டிவிகளில் மிராகாஸ்ட் கிடையாது. விடிய விடியத் தேடினாலும் அந்தப் பட்டியலில் பெயர் வராது. குரோம் பிரவுசரில் மூன்று புள்ளியைத் தொட்டு ‘காஸ்ட்’ கொடுங்கள். நேரம் வீணாவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான்.

2. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த பழைய லேப்டாப் இன்னும் விண்டோஸ் 7-ல் ஓடுகிறதா? விண்டோஸில் மிராகாஸ்ட் வந்ததே 8.1-லிருந்துதான். மல்லுக்கட்ட வேண்டாம், ஹெச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள்.

3. கீழ்வீட்டில் ஒரு ரூட்டர், சிக்னல் எட்டவில்லை என்று மாடியில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஆனாலும் கூகுள் காஸ்ட்டில் மாடி லேப்டாப்புக்குக் கீழே இருக்கும் டிவி தெரியாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் நெட்வொர்க் இரண்டாக இருக்கலாம். லேப்டாப், டிவி இரண்டிலும் வைஃபை விவரத்தில் ஐபி எண்ணைப் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும், மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். இன்டர்நெட் இணைப்புக் கொடுத்த கேபிள்காரரிடம், மாடி ரூட்டரை ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தாலும் இதே கதைதான்.

4. ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில், டிவி முந்திக்கொண்டு எழுந்துவிடும். ரூட்டர் அப்போதுதான் கண் விழிக்கும். ரூட்டரில் இன்டர்நெட் விளக்கு நிலையாக எரிந்த பிறகு டிவியைப் போடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் டிவி முழுதாக அணையாது. சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். பல கோளாறு இதிலேயே தீரும். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் தொல்லை பாதி குறையும்.

5. வீரபாண்டித் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆபீஸ் லேப்டாப்போடு வருகிறவர்கள் முதலில் விபிஎன்னை அணைத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் கம்பெனியே பூட்டி வைத்திருக்கலாம். அதைக் குடைந்து வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்ளாதீர்கள்.

6. டிவியில் ‘அனுமதிக்கவா?’ என்று கேட்டபோது பிள்ளைகள் ‘வேண்டாம்’ அழுத்தியிருப்பார்கள். சாம்சங் டிவி என்றால் ‘டிவைஸ் கனெக்‌ஷன் மேனேஜர்’ பட்டியலில் உங்கள் லேப்டாப்பை மறுபடி அனுமதியுங்கள்.

7. வெறும் வால்பேப்பர் மட்டும் தெரிகிறதா? இணைப்பு சரிதான். விண்டோஸ் பட்டனும் ‘பி’ எழுத்தும் அழுத்தி ‘டூப்ளிகேட்’ தேர்ந்தெடுங்கள். சத்தம் லேப்டாப்பிலேயே கேட்டால், ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு டிவி பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

8. சத்தம் வருகிறது, படம் மட்டும் கறுப்பு. ஓடிடி படங்களில் இது நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டாக இருக்கும், பழுது அல்ல. டிவியிலேயே அந்த ஆப்பைத் திறந்து பாருங்கள்.

9. படம் விக்கி விக்கி ஓடினால், ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் அதற்கு மாறுங்கள். ஆனால் அது கனமான கல்சுவரைத் தாண்டத் திணறும். அதே அறையில் இருந்தால்தான் பலன். லேப்டாப்பைச் சார்ஜரில் செருகி, ப்ளூடூத் ஹெட்போனையும் அணைத்துவிடுங்கள்.

10. காதுகுத்து வீடியோவை உறவுக்காரர்களுக்குப் போட்டுக் காட்ட இவ்வளவு பாடு எதற்கு? பென் டிரைவில் ஏற்றி டிவியின் பின்னால் செருகினால் முடிந்தது. 4 ஜிபியைத் தாண்டிய வீடியோ காப்பி ஆகவில்லை என்றால் டிரைவ் ‘ஃபேட்32’ முறையில் இருக்கும். ‘எக்ஸ்ஃபேட்’டாக ஃபார்மேட் செய்யுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்; முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். பழைய டிவி சில எக்ஸ்ஃபேட்டை ஏற்காது. விருந்தாளி வருவதற்கு முதல் நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள்.