லோகோ மாறினால் சிக்னல் வருமா?

2024 தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டையில இறங்கி, திருச்சுழி பஸ்ஸைப் பிடிச்சு, பாதி வழியில இறங்கணும். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, நடுவுல ஒரு டீக்கடை. அதுதான் எங்க ஸ்டாப். அங்க உக்காந்திருந்த பெரியப்பா போனை என் பக்கம் நீட்டினார். வாட்ஸ்அப்ல வந்த ஒரு படம். பிஎஸ்என்எல்லோட பழைய லோகோவும் புது லோகோவும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு.

"நீதானப்பா செல்போன் படிப்பு படிக்கிற. கலரை மாத்திட்டாங்களாம்ல. கலர் மாத்துனா சிக்னலும் சேர்ந்து வருமா?"

நான் அப்போ இசிஇ மூணாவது வருஷம். மாடுலேஷன், ஆன்டெனா எல்லாம் பரீட்சை எழுதி பாஸ் பண்ணியிருந்தேன். ஆனாலும் "தெரியல பெரியப்பா"ன்னுதான் சொன்னேன். பக்கத்துல டீ குடிச்சிட்டிருந்தவர் சிரிச்சுக்கிட்டே, "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது"ன்னார். அருப்புக்கோட்டை பக்கம் தெலுங்கு பேசுற வீடுகள் நிறைய. பேரு பெரிய பேருதான், குடிக்கத்தான் தண்ணி இல்லன்னு அர்த்தம்.

இப்போ ஃபைனல் இயர். பெரியப்பாவுக்குச் சொல்லாம விட்ட பதிலை இங்க எழுதிப் பார்க்கிறேன். ஒரு கம்பெனி தன் அடையாளத்தை மாத்தும்போது மக்கள் ஏன் சந்தேகப்படுறாங்க, அந்தச் சந்தேகத்தை எப்படிச் சரிபார்க்கிறது என்பதுதான் பாடம்.

என்ன மாறிச்சு?

2024 அக்டோபர் 22 அன்று மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா புது லோகோவை வெளியிட்டார். பழையதில் சாம்பல் நிற உருண்டையைச் சுத்தி நீலமும் சிவப்புமா அம்புகள் இருந்தன. புதியதில் காவி வட்டத்துக்குள் இந்திய வரைபடம், கூடவே வெள்ளையும் பச்சையும் அம்புகள். 'கனெக்டிங் இந்தியா' என்ற வாசகம் 'கனெக்டிங் பாரத்' ஆச்சு. ஸ்பேம் தடுப்பு, ஃபைபர் வழி டிவி, சிம் கொடுக்கும் இயந்திரம்னு ஏழு புதுச் சேவைகளையும் அன்னைக்கே அறிவிச்சாங்க.

மீம்ஸ் உடனே வந்துடுச்சு. சிரிச்சு முடிச்சிட்டுப் பார்த்தா, அதுல மூணு தனித்தனி சந்தேகம் இருக்கு.

முதலாவது, நிறம். அதே வருஷம் ஏப்ரல்லதான் டிடி நியூஸ் லோகோ சிவப்பிலிருந்து காவிக்கு மாறியிருந்தது. அதனால இதுவும் காவிமயம்னு எதிர்ப்பு வந்தது. தேசியக் கொடியின் நிறங்கள்தானேன்னு இன்னொரு தரப்பு சொன்னது.

ரெண்டாவது, பேரு. 2023 செப்டம்பர்ல ஜி20 விருந்து அழைப்பிதழ்ல 'பாரத்' வந்ததிலிருந்தே அந்தச் சொல் விவாதத்துல இருந்தது. இங்கேயும் அதே விவாதம் தொடர்ந்தது.

மூணாவது, வேலை. தனியார் கம்பெனிகள் 2022 அக்டோபர்லயே 5ஜி ஆரம்பிச்சிட்டாங்க. பிஎஸ்என்எல் அப்போ நாடு முழுக்க 4ஜியே கொண்டுவந்து முடிக்கல. வேலை பாதியில நிக்கும்போது பெயிண்ட் எதுக்குன்னுதான் பெரியப்பா கேட்டார்.

நிறமும் பேரும் அரசியல் கேள்விகள், வாதாடித்தான் முடிவுக்கு வரணும். வேலை பத்தின கேள்வியை அளந்து பார்க்கலாம். மூணையும் ஒண்ணாக் கலக்கிட்டா எதுக்குமே பதில் கிடைக்காது.

பேருல என்ன இருக்கு?

"சும்மா பேருதானே"ன்னு தள்ளிடவும் முடியாது. எங்க மாவட்டமே அதுக்குச் சாட்சி. 1985-ல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரிச்சப்போ எங்க பகுதி காமராஜர் மாவட்டம் ஆச்சு. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வச்ச பேரைச் சுத்தி தென்மாவட்டங்கள்ல கலவரம் நடந்து உயிர்களே போச்சு. அதுக்கப்புறம் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாத்துலயும் இருந்த தலைவர்கள் பேரை அரசு எடுத்துடுச்சு. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆச்சு. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆச்சு. எங்க அப்பா இன்னும் "பாண்டியன் வண்டி"ன்னுதான் சொல்வார்.

ஆக, ஒரு பேரு மனுஷங்களைச் சேர்க்கவும் செய்யும், பிரிக்கவும் செய்யும். ஆனா பஸ் பலகையில எழுத்தை மாத்துறது ஒருநாள் வேலை. அப்பா மனசுல இருக்கிற பேரை மாத்த இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆகியும் முடியல.

பாயின்டர் பாடம்

நம்ம பாஷையில சொல்றேன். சி லாங்வேஜ்ல பாயின்டர் படிச்சிருப்பீங்க. அதுல ஒரு மெமரி முகவரி மட்டும்தான் இருக்கும். மதிப்பு அந்த முகவரியில இருக்கும். பாயின்டருக்கு வேற பேரு வச்சா மதிப்பு மாறாது. லோகோவும் அப்படித்தான். நாம அந்தப் படத்தைப் பார்த்ததும் மனசு நேரா அனுபவத்துக்குப் போகும். கால் கட் ஆனது, பில் சரியா வந்தது, கஸ்டமர் கேர்ல காத்திருந்தது எல்லாம் அங்கதான் சேமிச்சிருக்கு.

இந்தியத் தொலைபேசிக் கம்பெனிகள்லயே மூணு உதாரணம் பாருங்க.

ஏர்டெல் 2010 நவம்பர்ல லோகோவை மாத்துச்சு. ஏ.ஆர்.ரகுமான் ட்யூனும் புதுசாச்சு. வேற கம்பெனி லோகோ மாதிரி இருக்குன்னு அப்பவும் கிண்டல் பண்ணாங்க. கம்பெனி நெட்வொர்க்கில் தொடர்ந்து பணம் போட்டது, கிண்டல் மறந்து போச்சு.

வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட்ல இணைஞ்சப்போ 40 கோடிக்கும் மேல வாடிக்கையாளர்கள். 2020 செப்டம்பர்ல 'வி'ன்னு பளிச்சுன்னு புதுப் பேரு வச்சாங்க. அரசுக்குக் கட்டவேண்டிய ஏஜிஆர் பாக்கி தலைக்கு மேல இருந்தது, நெட்வொர்க்குக்குப் போடப் பணம் இல்ல. 2025-ல் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதி.

ஏர்செல் 1999-ல் தமிழ்நாட்டுலயே ஆரம்பிச்சது. தோனி விளம்பரம், சிஎஸ்கே ஜெர்சின்னு நம்மளோட ஸ்கூல் காலத்து லோகோ அது. யாருக்கும் அது மேல கோபம் இருந்ததில்ல. 2018 பிப்ரவரியில சிக்னல் போச்சு, நம்பரைக் காப்பாத்த ஜனங்க போர்ட் பண்ண வரிசையில நின்னாங்க, கம்பெனி திவால் மனு போட்டது.

கிண்டல் வாங்கின லோகோ நிலைச்சது, பளிச்சுன்னு வந்தது தேய்ஞ்சது, எல்லாருக்கும் பிடிச்சது காணாமப் போச்சு. லோகோ நல்லா இருக்கா இல்லையாங்கிறதை வச்சு கம்பெனியோட எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

அப்புறம் பிஎஸ்என்எல்லுக்கு என்ன ஆச்சு?

இங்க கொஞ்சம் கவனமா இருக்கணும். 2024 ஜூலை ஆரம்பத்துல தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏத்தினாங்க. அந்த ஒரே மாசத்துல பிஎஸ்என்எல்லுக்கு சுமார் 29 லட்சம் பேர் கூடினாங்க. அப்போ இருந்தது பழைய லோகோ. அக்டோபர்ல புது லோகோ வந்தது. நவம்பர்ல எண்ணிக்கை குறைய ஆரம்பிச்சது. "லோகோவாலதான் ஆள் போயிட்டாங்க"ன்னு சொல்லலாமா?

சொல்லக்கூடாது. ஏன்னா அதே அக்டோபர்–டிசம்பர் காலாண்டுலதான் கம்பெனி 262 கோடி ரூபாய் லாபம் காட்டுச்சு. 2007-க்கு அப்புறம் அதுதான் முதல் லாபம். அப்போ "லோகோவாலதான் லாபம்"னும் சொல்லலாம் இல்லையா? ரெண்டுமே தப்பு. ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு நடந்ததாலேயே முதலாவது காரணம் ஆகிடாது. லேப் ரெக்கார்டுல நாம இப்படி எழுதினா மேடம் சிவப்பு மையில சுழிச்சிருப்பாங்க.

உண்மையான மாற்றம் வேற இடத்துல நடந்துட்டிருந்தது. 2023-ல் டிசிஎஸ் தலைமையிலான குழுவுக்கு 15,000 கோடி ரூபாய் அளவுக்கு 4ஜி ஆர்டர் போனது. கோர் பகுதி சி-டாட்டோடது, ரேடியோ கருவிகள் தேஜஸ் நெட்வொர்க்ஸோடது. வெளிநாட்டுக் கருவிகளை வாங்கி மாட்டாம உள்நாட்டுலயே செஞ்சதும் தாமதத்துக்கு ஒரு காரணம். 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில், 97,500-க்கும் மேற்பட்ட டவர்களோட இதைப் பிரதமர் தொடங்கி வச்சார். லோகோ வந்து பதினோரு மாசம் கழிச்சு.

அந்த விழா அன்னைக்கே லோகோவும் மாறியிருந்தா, மீம் பாதியாவது குறைஞ்சிருக்கும்னு எனக்குத் தோணுது. ஜனங்க மாற்றத்தை வேணாம்னு சொல்லல. மாற்றம் வர்றதுக்கு முன்னாடியே அதோட போர்டு வந்துடுச்சேன்னுதான் சிரிச்சாங்க.

கண்மாயும் வரத்துக்காலும்

எங்க பக்கம் கண்மாய்தான் எல்லாம். ஒரு கண்மாயில மூணு விஷயம் பார்க்கணும்: கரை, மடை, வரத்துக்கால். கரை எவ்வளவு உயரமா இருந்தாலும் வரத்துக்கால்ல மண் மேடிட்டுப் போச்சுன்னா மழைத் தண்ணி உள்ள வராது. டவரும் கண்மாய்தான். டவரிலிருந்து போனுக்கு வர்ற அலை மடை மாதிரி. டவருக்குப் பின்னாடி வர்ற ஃபைபரோ மைக்ரோவேவ் இணைப்போ வரத்துக்கால் மாதிரி, இதைத்தான் பேக்ஹால்னு படிக்கிறோம். போன்ல நாலு கட்டம் சிக்னல் இருந்தும் வீடியோ சுத்திக்கிட்டே இருந்தா, மடை சரியா இருக்கு, வரத்துக்கால்ல எங்கேயோ அடைப்புன்னு சந்தேகப்படலாம்.

மடைப் பக்கமும் ஒரு கணக்கு இருக்கு. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ், 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துறாங்க. வெட்டவெளியில் பாதை இழப்புக்கான ஃபார்முலாவுல அதிர்வெண் மூணு மடங்கானா, 20 லாக் 3, அதாவது சுமார் 9.5 டெசிபல் கூடுதல் இழப்பு. மத்ததெல்லாம் சமமா இருந்தா 700-ல் போனுக்கு வந்து சேரும் சக்தி 2100-ஐ விட 9 மடங்கு. ஊருக்கு ஊர் மூணு, நாலு கிலோமீட்டர் இருக்கிற திருச்சுழிப் பக்கத்துக்கு இது பெரிய விஷயம். ஆனா உங்க போன்ல பேண்ட் 28 இருக்கணும், சிம் 4ஜி சிம்மா இருக்கணும். பழைய போனை வச்சுக்கிட்டு டவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியம்னா, 2022-ல் இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சாய்ஸ் லாக் பண்ண ஓடிபி வரணும். வீட்டுக்குள்ள வரல. மொட்டைமாடியில வரல. டைம் முடியப்போகுது. அண்ணன் பைக்ல உக்காந்து கண்மாய்க் கரைக்குப் போனப்புறம்தான் டிங்குன்னு வந்துச்சு. அது எந்தக் கம்பெனி சிம்ங்கிறது இங்க முக்கியமில்ல. இந்தக் காலேஜ்ல நான் இருக்கிறதே அந்தக் கரையில கிடைச்ச ஒத்தைக் கட்டம் சிக்னலாலதான். ரேஷன் கடை கைரேகை மெஷின், நூறுநாள் வேலை வருகைப் பதிவு எல்லாமே இன்னைக்கு நெட்வொர்க்கை நம்பித்தான் நடக்குது. ஆள் குறைவா இருக்கிற ஊர்ல டவர் வச்சா லாபம் குறைவு. அதனால அங்க பொதுத்துறைக் கம்பெனி நல்லா ஓடணும்ங்கிறது வெறும் மீம் விஷயம் இல்ல.

வீட்டுப்பாடம்

அடுத்த தடவை எந்தக் கம்பெனி லோகோ மாத்தினாலும் மூணு கேள்வி கேளுங்க. படத்தைத் தவிர உள்ள என்ன மாறுது? எப்போ முடியும்னு தேதி சொல்லியிருக்காங்களா? அதை நாமளே அளக்க வழி இருக்கா?

மூணாவதுக்கு வழி இருக்கு. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் போனா சிக்னல் அளவு டிபிஎம்ல தெரியும். 4ஜியில மைனஸ் 90-ஐ விட நல்லா இருந்தா பிரச்சனை இல்ல, மைனஸ் 110-க்குக் கீழே போனா கஷ்டம். கட்டங்களை நம்பாதீங்க, அதை ஒவ்வொரு போன் கம்பெனியும் அதது இஷ்டத்துக்கு வரையும். டிராய் விதிப்படி எல்லாக் கம்பெனிகளும் இப்போ கவரேஜ் வரைபடத்தைத் தங்கள் தளத்துல வெளியிடணும். அதுல உங்க ஊரைத் தேடி, உங்க அளவோட ஒப்பிட்டுப் பாருங்க.

நான் என் சிம்மை வச்சு அளந்தேன். வீட்டுக்குள்ள மைனஸ் 113, மொட்டைமாடியில மைனஸ் 101, கண்மாய்க் கரையில மைனஸ் 92. பெரியப்பாகிட்ட பேப்பரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்ப கரையில வீடு கட்டிருக்கணும்ங்கிற"ன்னார். அப்புறம் தன்னோட போனையும் நீட்டி, "இதையும் எழுதிக்க. அடுத்த வருஷம் இதே இடத்துல அளந்து பாப்போம்"ன்னு சொன்னார்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறவங்க வீடு, தெரு, ஊர் எல்லைன்னு மூணு இடத்துல அளந்து எழுதி வைங்க. கூடவே தேதியையும் போட மறக்காதீங்க.