டூ வீலர் இன்சூரன்ஸ்: எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது?

வண்டி இன்சூரன்ஸ் முடியப்போகிறது என்றதும் பலரும் கேட்பது, "இருக்கறதுலயே கம்மி எது?" என்றுதான். பணத்தை மிச்சம் பிடிப்பதில் தப்பில்லை. வண்டியின் பெயின்ட், பிளாஸ்டிக்குக்கான தொகையில் தாராளமாகக் கை வையுங்கள். உயிருக்கான தொகையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

1. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கவே கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். 3 மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. உங்கள் வண்டி மோதி ஒருவர் இறந்துபோனால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு லட்சக்கணக்கில் போகும். பாலிசி இல்லையென்றால் அதை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

2. தேர்ட் பார்ட்டி கட்டணத்துக்குப் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். அதை அரசுதான் நிர்ணயிக்கிறது. எல்லா கம்பெனியிலும் ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி ஆண்டுக்கு 75 சிசி வரை 538 ரூபாய், 150 சிசி வரை 714, 350 சிசி வரை 1,366, அதற்கு மேல் 2,804. இதோடு ஜிஎஸ்டி 18 சதவீதம். கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பிரீமியம்தான். ஒப்பிட வேண்டியது அதை மட்டும்.

3. வீட்டில் இருப்பவர்களைப் பின்னால் உட்கார வைத்துப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால், பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்காது என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவியோ அம்மாவோ விழுந்து அடிபட்டால் கம்பெனி கையை விரித்துவிடலாம். 'ஃபுல் கவர்' என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசி பின்னால் வருபவரையும் காக்கும் என்பதை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் தெளிவுபடுத்தியது. உங்கள் பாலிசியின் தலைப்பில் 'லயபிலிட்டி ஒன்லி' என்று இருக்கிறதா, 'பேக்கேஜ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். தேர்ட் பார்ட்டியும் வண்டிச் சேதமும் தனித்தனிப் பாலிசியாக இருந்தால், பின்னால் வருபவருக்கு என்ன பாதுகாப்பு என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டி பழசாகிவிட்டது என்பதற்காக ஃபுல் கவரைக் கைவிடுகிறவர்கள் பலர். பழைய வண்டிக்கு மதிப்பு குறைவு என்பதால் அதற்கான பிரீமியமும் குறைவுதான். குடும்பத்தோடு போகும் வண்டியென்றால் பழசானாலும் ஃபுல் கவர்தான் என் சிபாரிசு.

4. வண்டி உரிமையாளருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். ஆனால் ஒருவர் பெயரில் இரண்டு மூன்று வண்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கட்ட வேண்டியதில்லை, ஒன்று போதும். வேறு எங்காவது 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருந்தாலும் இது வேண்டாம். இங்கே நிஜமாகவே காசு மிச்சமாகும்.

5. புது வண்டிக்கு 5 வருட தேர்ட் பார்ட்டி சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து விதி. வண்டிச் சேதத்துக்கு அப்படி இல்லை, ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். ஷோரூமில் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போங்கள்.

6. பாலிசியில் ஐடிவி என்று போட்டிருப்பது வண்டியின் மதிப்பு. வண்டி களவு போனால் கைக்கு வருவது அந்தத் தொகைதான். ஷோரூம் விலை 1 லட்சம் என்றால் மூன்றாம் வருடத்தில் 30 சதவீதம் கழித்து 70,000 இருக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட அதை 50,000 என்று போட்டால், உங்களுக்கு மிச்சம் சில நூறு ரூபாய். களவு போனால் நஷ்டம் 20,000.

7. சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு வண்டிச் சேத பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி படிப்படியாக ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கணக்குப் பாருங்கள். உங்கள் பிரீமியம் 1,000 ரூபாய், தள்ளுபடி 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போட்டபின் மறுபடி 50-ஐத் தொடுவதற்குள் நீங்கள் இழப்பது 500, 300, 250, 150, 50. ஆக மொத்தம் 1,250 ரூபாய். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். 2,000 ரூபாய் பிளாஸ்டிக் மாற்றினால் 1,000. அதிலும் கட்டாயப் பிடித்தம் 100 போக, கைக்கு வருவது 900. அப்படியானால் கைக்காசைப் போட்டுச் சரிசெய்வதே லாபம். பெரிய அடி என்றால் தயங்காமல் கிளெய்ம் போடுங்கள்.

8. அந்தத் தள்ளுபடி வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய வண்டியை விற்கும்போது கம்பெனியிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் 3 வருடத்துக்குள் வாங்கும் அடுத்த டூ வீலருக்குப் பயன்படுத்தலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

9. பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத, 'பம்பர் டு பம்பர்' எனப்படும் ஜீரோ டெப் புது வண்டிக்கு நல்லது. நாலைந்து வருடம் ஆனபின் விட்டுவிடலாம். வேளச்சேரி, முடிச்சூர் போல மழைக்குத் தண்ணீர் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் இன்ஜின் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் பழுதானால் சாதாரண ஃபுல் கவரில் பணம் வராது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டிகள் முழுகிய ஊர் சென்னை. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

10. முடியும் தேதிக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். 90 நாள் தாண்டினால் சேர்த்த தள்ளுபடி முழுவதும் போய்விடும்.

11. பதினெட்டு ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு. விபத்தில் இழப்பீடு கொடுத்த கம்பெனி, லைசென்ஸ் இல்லை என்று காட்டி அந்தப் பணத்தை உங்களிடமே வசூலிக்கவும் முடியும்.

12. வண்டி களவு போனால் உடனே எஃப்ஐஆர் போட்டு, கம்பெனிக்கும் தகவல் சொல்லுங்கள். இரண்டு சாவியையும் கேட்பார்கள். இரண்டாவது சாவியைப் பத்திரமாக வையுங்கள்.

13. கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், பதில் திருப்தி தராவிட்டாலும், இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. வக்கீல் தேவையில்லை, கட்டணமும் கிடையாது.