பக்கத்து ஃபிளாட்டோடு தகராறா?

முதலியார்பேட்டை அடுக்குமாடிகளில் சண்டைக்கு ஒரு ஸ்கூட்டர் போதும். குரலை உயர்த்தும் முன் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பார்க்கிங் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது? கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு இடையே உள்ள பார்க்கிங் பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று மகாராஷ்டிரச் சட்டப்படி வந்த மும்பை வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மொட்டை மாடிக் கொடி, செருப்பு ஸ்டாண்டு இதற்கெல்லாம் கோர்ட் எதற்கு? சங்கக் கூட்டத்தில் பேசி, மினிட்ஸ் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் திட்ட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் அழியாது. படிக்கட்டில் சைக்கிள், தொட்டி வைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். தீப்பிடித்தால் இறங்க அதுதான் வழி.

பேசித் தீரவில்லையா? லோக் அதாலத்துக்குக் கட்டணம் கிடையாது. சட்ட உதவிக்கு 15100ஐ அழையுங்கள்.