மானேஜர் இல்லாத நாளில் சங்கம்

சங்கத்து மானேஜர் எப்படிப்பட்டவராய் இருத்தல் வேண்டும் என்று அங்கத்தினரைக் கேட்டால், பெரும்பாலோர் கண்டிப்பானவராய் என்பர். சிலர் நல்லவராய் என்பர். இரண்டும் வேண்டியனவே. ஆயினும் கண்டிப்பு எவ்விடத்தில், கலந்து பேசுதல் எவ்விடத்தில், தலையிடாதிருத்தல் எவ்விடத்தில் என்று பகுத்தறிந்து நடத்தலே நிர்வாகம் எனப்படுவது. இது குறித்து அறிஞர்கள் ஆராய்ந்து கண்டவற்றுள் நம் சங்கங்களுக்குப் பயன்படும் சிலவற்றை இங்கு நோக்குவோம்.

அமெரிக்க நாட்டு அயோவா பல்கலைக் கழகத்தில், கர்ட் லெவின் என்னும் உளநூல் அறிஞரும், ரொனால்டு லிப்பிட், ரால்ப் வைட் என்னும் இருவரும் 1938, 1939 ஆம் ஆண்டுகளில் ஒரு சோதனை நடத்தினர். பத்து வயதுச் சிறுவர்களை ஐவர் ஐவராகப் பிரித்து, முகமூடி செய்தல் முதலிய கைவேலைகளைக் கொடுத்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் பெரியவர் ஒருவர் தலைவர். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தாமே தீர்மானித்தார். அடுத்த வேலை யாது என்பதைக் கூட முன்னதாகச் சொல்லமாட்டார். மற்றொரு வகையினர் சிறுவர்களோடு கலந்து பேசி, வேலையின் போக்கு முழுவதையும் முதலிலேயே விளக்கினர். மூன்றாம் வகையினர் பொருள்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தனர்.

ஒதுங்கியிருந்தவர்களின் குழுக்களில் வேலை மிகக் குறைவு. இது எவரும் எதிர்பார்ப்பதே. வியப்பளிப்பது மற்ற இரண்டின் ஒப்பீடு. அதிகாரத் தலைவருக்கு அடங்கி நடந்த குழுக்கள், தலைவர் எதிரில் இருந்தபோது தம் நேரத்தில் நூற்றுக்கு 74 பங்கை வேலையில் செலவிட்டன. கலந்து பேசிய குழுக்களோ 50 பங்கையே செலவிட்டன. ஆனால் தலைவர் அறையை விட்டு வெளியே சென்றதும் முன்னது 29 ஆக வீழ்ந்தது. பின்னது 46 என்ற அளவில் நின்றது.

இவ்வெண்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஏனெனில் ஆய்வுக்கு வரும் அலுவலரின் கண்ணில் படுவது மானேஜர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாள் மட்டுமே. அன்றைக்கு அதிகார நிர்வாகமே சிறந்ததாகத் தோன்றும். பதிவேடுகள் அடுக்காக இருக்கும். எவரும் உரக்கப் பேசார். ஒரு நெசவாளர் சங்கத்தில் இவ்வாறே எல்லாம் ஒழுங்காக இருக்கக் கண்டேன். பிறகு அங்கத்தினர் சொல்லித் தெரிந்தது: மானேஜர் தம் வீட்டுத் திருமணத்துக்காக நான்கு நாள் ஊருக்குச் சென்றபோது நூல் கிடங்கே திறக்கப்படவில்லை. சாவி அவரிடம். எந்தத் தறிக்கு எந்த நூல் என்ற கணக்கும் அவர் மனத்தில். குமாஸ்தா தாமாக ஒரு சிட்டம் எடுத்துக் கொடுக்க அஞ்சினார். அறுபது தறிகள் நான்கு நாள் நின்றால் 240 தறி நாட்களின் கூலி போயிற்று. அது எந்த நஷ்டக் கணக்கிலும் ஏறுவதில்லை. நெசவாளர் வீட்டு அடுப்பில்தான் தெரியும்.

இதற்கு மாறாக, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடும் மானேஜரும் உண்டு. அவர் நல்ல மனிதர், யாரிடமும் பகையில்லை. துணி அளந்து பார்க்கப்படாமல் வரவாகும். நூல் முன்பின்னாகப் போகும். நாளடைவில் ஊரில் செல்வாக்குள்ள ஓரிருவர் நல்ல நூலைத் தமக்கும், தேய்ந்த நூலை மற்றவர்க்கும் பிரிக்கத் தொடங்குவர். தனி முதலாளியிடம் நூல் வாங்கி, அவர் சொன்ன கூலிக்கு நெய்த நிலையிலிருந்து விடுபடவே நெசவாளர் சங்கம் கண்டனர். தளர்ந்த நிர்வாகம் அவர்களைப் பின்வாசல் வழியாக அந்நிலைக்கே கொண்டு சேர்த்துவிடும்.

ஆகவே எல்லா விஷயத்துக்கும் ஒரே முறை உதவாது. ரொக்கமும் இருப்பும் வாக்கெடுத்து முடிவு செய்யும் பொருள்கள் அல்ல. ஒரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும், அதில் தலைவருக்கும் சலுகையில்லை. அடுத்த பருவத்துக்கு என்ன ரகம், என்ன நிறம் என்பதோ கலந்து பேச வேண்டியது. சென்ற தீபாவளிக்கு எது விற்றது, எது தேங்கியது என்று விற்பனையாளரும் அறிவர், நெசவாளரும் அறிவர். தறியில் அமர்ந்தவரின் கைக்குள் மானேஜர் புகவேண்டியதே இல்லை. முப்பது ஆண்டு நெய்தவருக்கு நாடா ஓட்டக் கற்பிப்பது வீண் வேலை.

இனி, மானேஜருக்கு வேண்டிய திறமைகள். ராபர்ட் காட்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1955 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் தொழில் அறிவு, மனிதரோடு பழகும் திறன், முழுமையும் ஒருங்கே காணும் திறன் என மூன்றைக் கூறினார்.

தொழில் அறிவு என்றால் மானேஜர் நெய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதன்று. நூல் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பருத்தி நூலில் ஒரு சிட்டம் 840 கஜம். 40 நம்பர் நூல் என்றால் ஒரு ராத்தலுக்கு 40 சிட்டம், அதாவது 33,600 கஜம். 2,400 இழைகள் கொண்ட 70 கஜப் பாவு ஒன்றுக்கு 1,68,000 கஜம் நூல் செல்லும். அது சரியாக ஐந்து ராத்தல், இன்றைய அளவில் இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல். சேதாரம் இதற்குப் புறம்பு. இக்கணக்கைப் போடத் தெரியாதவர் நூல் கொடுக்கும்போதும் ஏமாறுவார். துணி வரும்போது நேர்மையான நெசவாளரையும் சந்தேகிப்பார். விளைபொருள் விற்பனைச் சங்கங்களில் எடையும் ஈரப்பதமும் தரம் பிரித்தலும் இவ்விடத்தைப் பெறும்.

பழகும் திறன் வெளிப்படுவது துணி தள்ளப்படும் வேளையில். பத்துப் பேர் எதிரில் துணியை வீசி எறிந்து கூலி பிடிப்பவர் உண்டு. துணியை வெளிச்சத்தில் விரித்து, "இங்கே ஊடை தளர்ந்திருக்கிறது, என்ன காரணம் ஐயா?" என்று கேட்பவரும் உண்டு. இரண்டாமவருக்குப் பதில் கிடைக்கும். அப்பதில் பல சமயம் நூலே வலுவற்றது என்பதாக இருக்கும். அப்போது கூலி பிடிப்பது அநியாயம், நூல் அனுப்பிய இடத்துக்கு எழுதுவதே முறை. மேலும், தார் சுற்றும் பெண்களின் பெயர் பெரும்பாலும் அங்கத்தினர் பதிவேட்டில் இராது. ஆயினும் நூல் நல்லதா என்பதை முதலில் அறிவது அவர்கள் விரல்களே. அவர்களை ஒரு வார்த்தை கேட்கும் மானேஜர் அரியர்.

முழுமையைக் காணுதல் கடினமானது. கிடங்கில் துணி நிறைந்திருப்பதைச் செழிப்பு என்று எண்ணுவோர் உளர். அத்துணி கடனில் வாங்கிய நூலால் நெய்யப்பட்டது. விற்காத ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறுகிறது. மடிப்பில் நிறம் மங்குகிறது. இறுதியில் கழிவு விலைக்குப் போகிறது. நூல், தறி, கிடங்கு, கடை, வங்கி ஐந்தையும் ஒரே கயிறாகக் காண்பவர் ஆவணியிலேயே கைமாறும் ரகத்தைக் கூட்டி, தேங்கும் ரகத்தைக் குறைப்பார். அப்போது எல்லாத் தறிக்கும் வேலை கிடைக்குமாறு ரகத்தை மாற்றுவதற்கு நெசவாளரின் இசைவு வேண்டும். அவ்விசைவு உத்தரவினால் வருவதன்று.

மானேஜரின் தரத்தை அளக்க எளிய வழி ஒன்றுண்டு. நிர்வாகக் குழுவினரோ, குழு இல்லாத காலத்தில் தனி அலுவலரோ, மானேஜரின் விடுப்புப் பதிவேட்டையும் நூல் பட்டுவாடாப் பதிவேட்டையும் அருகருகே வைத்துத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் விடுப்பில் இருந்த நாட்களில் நூல் வழக்கம்போல் கொடுக்கப்பட்டு, துணி அளந்து பெறப்பட்டு, குமாஸ்தாவின் கையெழுத்தும் சரியாக இருந்தால், அவர் பிறரைப் பழக்கியிருக்கிறார் என்று கொள்ளலாம். அந்நாட்களின் பக்கங்கள் வெறுமையாக இருந்தால், அடுத்த கூட்டத்தின் முதல் விஷயமாக, கிடங்கின் இரண்டாம் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை எடுத்துக்கொள்ளலாம்.