துண்டறிக்கை தந்த துப்பு

நுழையும் முன்

இலக்கியம் ஏட்டில் நிற்கிறது; சிற்பம் கல்லில் நிற்கிறது. நாடகமோ திரை விழுந்ததும் மறைந்துவிடுகிறது. மறைந்துபோன மேடையில் அன்று என்ன நிகழ்ந்தது என்பதை ஆய்வாளர் எவ்வாறு கண்டறிகின்றனர்? காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் சேர்த்துவைக்கப்பட்ட பழந்தாள்களுக்கும் அத்தேடலுக்கும் உள்ள தொடர்பை இப்பாடம் விளக்குகிறது.

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய வள்ளி திருமணம் ஒரு புராண நாடகம். தினைப்புனம் காக்கும் வள்ளி, வேடனாக வரும் முருகன், இடையே கலகம் மூட்டும் நாரதர் ஆகியோரைச் சுற்றியே கதை நகர்கிறது. ஆங்கில அரசைப் பற்றி அதில் பேச்சே எழ இடமில்லை. ஆயினும், விடுதலைப் போராட்டக் காலத்தில் இந்நாடகத்தில் முருகனாக நடித்த எஸ்.எஸ். விசுவநாததாஸ், மேடையில் பாடிய பாட்டுக்காகப் பலமுறை கைது செய்யப்பட்டார். நாடக நூலில் இல்லாத குற்றம் நாடக மேடையில் எப்படி முளைத்தது?

விடை, நாடகம் நடத்தப்பட்ட முறையிலேயே அடங்கியுள்ளது. ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இசை நாடகத்தில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக் கலைஞர் ஆகியோர் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகையின்றி, அன்றிரவே மேடையில் சந்திப்பர். கதை அனைவர்க்கும் தெரியும். இடையில் எந்தப் பாட்டைப் பாடுவது என்பது பாடுவோர் விருப்பம். தினைப்புனத்தில் பறவை விரட்டுவது கதையில் உள்ள காட்சிதானே! அங்கே மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய வெள்ளைக் கொக்குப் பாட்டு வந்து அமர்ந்தது. கொக்கு யார் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடை செய்ய வழிவகுத்தது. ஆனால் முருகன் கதையைத் தடை செய்வது எப்படி? ஆகவே, நாடகத்தை விட்டுவிட்டுப் பாடியவரைப் பிடித்தனர்.

இத்தகைய செய்திகளைத் தேடித் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் சு. தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறை அதிகாரியாகப் பணியாற்றிய இவர், தமிழ்நாட்டு நாடகமும் திரைப்படமும் விடுதலை இயக்கத்திற்கு ஆற்றிய பங்கினை ஆராய்ந்து 1981இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அரசுக் கோப்புகள், மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள், மூத்த கலைஞர்களின் நினைவுகள் என இச்சான்றுகள் பலவகைப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறையுண்டு. கோப்பு, அரசு அஞ்சியதை மட்டுமே எழுதும். பாட்டுப் புத்தகம் பாட்டைத் தரும். பாடிய இரவைத் தராது. முதியவர் நினைவில் ஆண்டுகள் இடம் மாறும். ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்புவதே ஆய்வாளரின் வேலை. அரசு பறிமுதல் செய்த நூல்களுள் பல, பறிமுதல் செய்யப்பட்டதனாலேயே ஆவணக் காப்பகங்களில் பிழைத்துக் கிடக்கின்றன என்பது வேடிக்கையான உண்மை.

அரசு சேர்க்காதவற்றைச் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் நூல் வாங்கத் தொடங்கினார். பிறகு சொந்த ஊரான கோட்டையூருக்கே திரும்பி, வீட்டையே நூலகமாக்கினார். நூல்களோடு அவர் நிற்கவில்லை. திருமண அழைப்பிதழ், கடிதம், பாட்டுப் புத்தகம், நாடகத் துண்டறிக்கை என மற்றவர் கசக்கி எறிந்தவற்றையும் பாதுகாத்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு 1994இல் சென்னைக்கு வந்து, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று.

துண்டறிக்கையால் என்ன பயன்? ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் வாழ்வை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளிவந்த தம் நூலில் துண்டறிக்கைக்கெனத் தனி இயலே ஒதுக்கினார். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யாருக்கு என்ன பட்டம் என்ற வரிசை, நாடக உலகின் படிநிலையையே காட்டிவிடுகிறது.

காலத்தை அறியவும் அது உதவும். ஒரு துண்டறிக்கையில் ‘டிசம்பர் 31, செவ்வாய்க்கிழமை’ என்று மட்டும் உள்ளது; ஆண்டு இல்லை எனக் கொள்வோம். 1925 முதல் 1950 வரை அந்நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்தவை 1929, 1935, 1940, 1946 ஆகிய நான்கு ஆண்டுகளே. அறிக்கையில் விசுவநாததாஸ் பெயர் இருந்தால் 1946 விலகிவிடும். மீதமுள்ள மூன்றில் ஒன்றைத் தேர, உடன் நடித்தவர் பெயரையும் அச்சகத்தின் பெயரையும் கட்டண விகிதத்தையும் ஒப்பிட வேண்டும். துப்பறிவோர் கைரேகையைப் பார்ப்பது போன்ற வேலைதான் இது. பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

மேற்கண்ட நாளை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை இராயல் அரங்கில் வள்ளி திருமணம் நடந்தது. முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாஸின் உயிர் பிரிந்தது. அன்றிரவுக்கான அறிவிப்பு எதுவாயினும் முருகன் வள்ளியை மணப்பதாகவே கூறியிருக்கும். நடக்கவிருப்பதை அறிவிப்பது துண்டறிக்கை. நடந்ததை அது அறியாது. அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டி அவருடன் நடிக்க மறுத்தோர் இருந்தனர் என்பதையும் அது அச்சிடாது. அதை வேறு சாட்சிகளிடமே கேட்க வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் கழற்றி விற்கப்படுவதைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. அவ்வீடுகளின் பெட்டகங்களில் கிடந்த தாள்கள் எடைக்குப் போவதைப் பற்றி எழுதுவோர் குறைவு. தூணைப் போன்ற தூண் வேறோர் ஊரிலும் கிடைக்கலாம். ஓர் இரவின் துண்டறிக்கை போனால் அந்த இரவுக்கு வேறு சாட்சி இல்லாமலும் போகலாம்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்த் திருவிழாவில் இசை நாடகம் நடந்தால் அதன் துண்டறிக்கையை வாங்கி வையுங்கள். ஆண்டு அச்சிடப்படவில்லையெனில் பின்புறம் எழுதுங்கள். மறுநாள், நாடகம் பார்த்தவர் ஒருவரிடம் அறிவித்தபடி எல்லாரும் வந்தனரா, நூலில் இல்லாத எந்தப் பாட்டு பாடப்பட்டது எனக் கேட்டு, அதையும் குறித்துத் தேதியிடுங்கள்.