முகிற் கணிமையிற் பெயரும் வினையும்

தமிழிலக்கணம் கற்கப் புகும் மாணவன் முதற்கண் அறிவன பெயரும் வினையுமாம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற் பெயரியலும் வினையியலும் அடுத்தடுத்து நிற்கின்றன. பொருளைக் குறிப்பது பெயர். அதன் தொழிலைக் குறிப்பது வினை. இப்பழைய பாகுபாடு இக்காலக் கணினித் துறையின் ஒரு பகுதியை விளங்கிக்கொள்வதற்கும் பெரிதும் துணைபுரிகின்றது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் எம் மாணவர் பலர் மென்பொருட் பணியை நாடுகின்றனராதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தொலைவிலுள்ள கணினிகளின் ஆற்றலை இணையத்தின் வழியாக வேண்டியபோது வேண்டிய அளவு பெறுதலே முகிற் கணிமை. அங்குக் கேட்டவற்றை மனிதர் கைபடாது ஆக்கித் தருவன தன்னியக்க மென்பொருள்கள். கணினி, வட்டு, வலையமைப்பு ஆகிய வளங்களை அவை இயல்பாகவே அறியும். ஆயின், ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரிய பொருள்களை அவை அறியா. அத்தகைய பொருளுக்கு நாமே பெயரிட்டு இலக்கணம் வகுத்துக் கொடுப்பின், அது தனிப்பயன் வளம் எனப்படும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒரு கல்லூரி ‘மாணவர் கணக்கு’ என்னும் வளத்தை வகுக்க விரும்புகின்றது என்க. வீஎம்வெயர் நிறுவனத்தின் ஏரியா ஒட்டோமேஷன் என்னும் மென்பொருளில் இப்பெயரை மட்டும் எழுதினாற் போதாது. கணக்கை ஆக்கும் செய்முறை ஒன்றும் அழிக்கும் செய்முறை ஒன்றும் உடன் தரப்படல் வேண்டும். ஆக்கும் செய்முறை அவ்வகைப் பொருளையே வெளியிடல் வேண்டும்; அழிக்கும் செய்முறை அவ்வகைப் பொருளையே ஏற்றல் வேண்டும். பெயர் பிறக்கும்போதே அதன் முடிவும் எழுதப்படுகின்றது. இன்றேல், மாணவன் பழைய மாணவனாகிப் பல்லாண்டு சென்ற பின்னும் அவன் கணக்கு உரியவரின்றித் திறந்து கிடக்கும். திருடர்க்கு அதுவே வாயில்.

ஆக்கத்துக்கும் அழிவுக்கும் இடையே நிகழ்வன வளச் செயல்கள்: கடவுச்சொல்லை மாற்றுதல், கணக்கை இடைநிறுத்துதல் போல்வன. ஒவ்வொரு செயலையும் வகுக்குமுன் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புக. எப்பொருள்மீது இச்செயல் நிகழும்? எந்நிலையில் நிகழும்? எவர் நிகழ்த்தலாம்? இடைநிறுத்திய கணக்கை மீண்டும் இடைநிறுத்துதல் பொருளற்றது. ஆதலின், அந்நிலையில் அச்செயல் தோன்றாதிருக்க நிபந்தனை விதிக்கலாம். அழிக்கும் உரிமையை எல்லார்க்கும் அளியாது சிலர்க்கே அளிக்கலாம். செய்பவன், செயல், செயப்படுபொருள் என வகுத்தறிந்தார்க்கு இது புதிதன்று.

கூகிள் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட குபெர்னெட்டீஸிலும் 2017 முதல் இன்றைய முறையிலே தனிப்பயன் வளங்களை வகுத்தல் இயல்வதாயிற்று. அங்கே நாம் வேண்டும் நிலையை எழுதிவைக்க, கட்டுப்படுத்தி என்னும் நிரல் இடையறாது கண்காணித்து, உள்ள நிலையை வேண்டும் நிலைக்குக் கொணரும். கொழும்பிற் பணிபுரியும் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனமும் இம்முறையைக் கையாண்டு, மென்பொருள் இடைமுகத்தையே ஒரு தனிப்பயன் வளமாக வகுத்தது. நம் நகரத்து இளைஞர்க்கு இக்கலை எட்டாத தொலைவிலில்லை என்பதற்கு இதுவே சான்று.

வளத்தை ஆக்கியபின் அதற்குரிய வினைகளை மறந்தால் விளைவது யாது? 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க முகில் தாக்கப்பட்டபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் மீட்கவியலாது அழிந்தன. பயன்பாட்டிலிருந்த மென்பொருட் பதிப்போ பழையது. அக்காலத்துக்குத் தனியே ஒதுக்கி வைத்த படியும் இருந்திலது. இவ்விழப்புத் தனிப்பயன் வளத்தால் நேர்ந்ததன்று. எனினும் பாடம் ஒன்றே. புதுப்பித்தலும் படியெடுத்தலும் ஒருவர் நினைவை நம்பி விடத்தக்கனவல்ல. வளத்தோடு பிணைத்து எழுதப்படவேண்டிய வினைகள்.

ஆதலின், மாணவரே, புதியதொரு வளத்துக்குப் பெயரிடும்போது ஆக்கல், காத்தல், மாற்றல், அழித்தல் ஆகிய நான்கு வினைகளையும் அதன் அருகே எழுதுக. அவற்றுள் ஒன்றேனும் எழுத இயலாதாயின், அப்பொருளை நீர் இன்னும் முற்ற அறிந்திலீர் என்பது தெளிவு. அறிந்தபின் ஆக்குக.