பரீட்சைக் காலமும் பிள்ளைகளின் உணவும்



பரீட்சை நெருங்கிவிட்டால் பிள்ளையின் புத்தகம், ரியூசன் வகுப்பு என்று பலவற்றைப் பற்றியும் கவலைப்படுகிறோம். தலவில அன்னம்மாளுக்கு நேர்த்தியும் வைக்கிறோம். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறது என்பதைக் கவனிக்கிறோமா?

சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள நம் கடற்கரைக் குடும்பங்கள் பலவற்றில் விடியற்காலை மிகவும் வேலையான நேரம். தகப்பன் கடலிலிருந்து கரை சேரும் நேரம் அது. தாயும் மீன் பிரிக்கவோ கருவாடு போடவோ போய்விடுகிறாள். பிள்ளை ஒரு கோப்பை வெறுந்தேநீரும் ஒரு பணிசும் சாப்பிட்டுவிட்டுப் பாடசாலைக்கு ஓடுகிறது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இது போதவே போதாது.

காலை உணவு

மூளையின் நிறை உடல் நிறையில் ஏறக்குறைய 2 வீதம்தான். ஆயினும் நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சீனித் தேநீரும் பணிசும் கொடுக்கும் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். சோற்றோடு அல்லது இடியப்பத்தோடு பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் பசி நெடுநேரம் தாங்கும். நேரமில்லாத தாய்மார் இரவிலேயே கடலையோ பயறோ ஊறப்போட்டு வைத்தால் காலையில் அவித்துத் தேங்காய்ப்பூச் சேர்த்துக் கொடுக்கலாம்.

விற்கும் மீனும் உண்ணும் மீனும்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. அதாவது, ஓராண்டுக்குள் உணவின் விலை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அப்போது பல வீடுகளில் பால்மாவும் முட்டையும் அரிதாயின. கையில் காசு குறைந்தால் பிடித்த மீனையெல்லாம் விற்கத்தான் மனம் வரும். அதைக் குறை சொல்ல முடியாது.

இறாலும் நண்டும் அறக்குளாவும் விலைக்குப் போகட்டும். ஆனால் கூடை முதலாளியிடம் போகுமுன் சாளை, கீரி, நெத்தலி ஆகியவற்றில் ஒரு பிடியைப் பிள்ளைகளுக்கென்று எடுத்து வையுங்கள். புரதமும், மூளைக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பும் சாளையிலும் கீரியிலும் நிறைய உண்டு. நெத்தலியை முள்ளோடு உண்டால் கல்சியமும் கிடைக்கும். ஆயினும், பரீட்சைக்கு முதல்நாள் மீன் கொடுத்தால் மறதி நீங்கும் என்று எண்ண வேண்டாம். மாதக்கணக்கில் உண்ணும் உணவே பலன் தரும்.

இன்னொன்று: சில வீடுகளில் மகனுக்கு மீன் துண்டு, மகளுக்குக் குழம்பு மட்டும். பருவமடைந்த பெண்பிள்ளைக்கு இரும்புச் சத்து அதிகமாகத் தேவை. அது குறைந்தால் இரத்தசோகை உண்டாகிப் பிள்ளை களைத்துப்போகும். பாடத்தில் கவனம் நிற்காது. ஆகவே மீனும் முருங்கைக் கீரையும் அவளுக்கும் சமமாகப் பரிமாறுங்கள். கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள இரும்புச் சத்தை உடல் நன்றாக ஏற்கும்.

இரவுத் தேநீர்

கண் விழித்துப் படிக்கச் சாயம் கூடிய தேநீரைக் குடிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. தேநீரிலுள்ள கபீனில் பாதியளவு 5 மணி நேரம் சென்ற பின்னும் உடலில் இருக்கக்கூடும். தூக்கம் கெட்டால் படித்தது மனதில் பதியாது. வளரும் பிள்ளைக்கு 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அன்றியும், சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாது தடுக்கும். உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும்.

ஒருசந்தி பிடிக்கும் பிள்ளைகள்

2025இல் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மார்ச் 17 முதல் 26 வரை, தவக்காலத்தின் நடுவே நடந்தது. இத்தகைய வேளைகளில் சில பிள்ளைகள் சித்தியடைய வேண்டுமென்று ஒருசந்தி பிடிக்கிறார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252ஆம் சட்டப்படி, ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கே உரியது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு உண்டு. ஆனால் அது இறைச்சியை விலக்குவதேயன்றி உணவை விலக்குவதன்று. பட்டினி கிடப்பதற்குப் பதிலாகக் கைத்தொலைபேசியையும் தின்பண்டத்தையும் ஒறுக்கும்படி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பரீட்சை நாளன்று

1. பழகிய உணவையே கொடுங்கள். புதிய உணவையும் கடைத் தின்பண்டங்களையும் தவிருங்கள்.

2. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சாளை, கீரி, சூரை ஆகியவற்றைச் சமைக்க வேண்டாம். அவற்றில் உண்டாகும் நஞ்சு சமைத்தாலும் போகாது. முகம் சிவத்தல், தலையிடி, வாந்தி ஆகியன வரலாம்.

3. மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தால் தேங்காய்ப்பால் கறி வேண்டாம், வெக்கையில் பழுதாகிவிடும். சோறும் பொரித்த மீனும் வறட்டிய கீரையும் போதும்.

4. கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தல் கொடுத்துவிடுங்கள்.

5. தாய் கரைக்குப் போக வேண்டியிருந்தால், அன்று காலை உணவு கொடுக்கும் பொறுப்பைப் பாட்டியோ மாமியோ மூத்த பிள்ளையோ ஏற்கட்டும். அதை முதல்நாள் மாலையே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.